கைராசியாவது மண்ணாவது!

என் நாவல்கள் மோசம் என்று சொல்லுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கக்கூடும். ஆனால் செடி கொடிகளைப் பற்றிப் பேசும்போது, ‘கைராசி’ என்ற வார்த்தையை என் காதுபட யாராவது உச்சரித்துவிட்டால் எனக்கு ரத்தம் கொதித்துவிடுகிறது. இந்த வயதில் ரத்தம் கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகையால் கொதிப்பைக் காகிதத்தில் இறக்கிவிடுகிறேன்.

சங்கதி இதுதான். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எதிர் வீட்டில் ஒரு தாயார், ஒரு பிள்ளை, தை மாதம் கல்யாணமாகி வந்த மருமகள் ஆக மூன்று பேர். தீபாவளிக்கு முன்னால் பிள்ளையாண்டான் ஒரு குரோட்டன்ஸ் செடி வாங்கி வந்தான். மஞ்சளும் சிவப்புமாகப் பளபளவென்று இருந்தது. அழகான பீங்கான் தொட்டி. ஹாலில் டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் அதைக் கொலு வைத்தார்கள். மாசி மாதம் பாதியில் ஒரு நாள் காலையில் நான் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு அம்மாள் அந்தத் தொட்டியைப் படிக்கட்டு ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். செடியில் நாலே நாலு இலை. அவையும் தலை தொங்கிக்கொண்டு.

“பார்த்தீர்களா சார்! தைக்கு முன்னால் இது எப்படி இருந்தது! சில பேருக்குக் கைராசி கிடையாது. பச்சை மரத்தைத் தொட்டாலும் பட்டுப் போய்விடும்” என்றாள்.

‘சில பேர்’ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அந்தப் பெண் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

வேறு எந்தக் குற்றச்சாட்டாயிருந்தாலும் ஒரு மனுஷி பதில் சொல்லலாம். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் அடுத்த நாள் குறைத்துக்கொள்ளலாம். கைராசி இல்லை என்றால் என்ன செய்வது? கையை வெட்டிக்கொள்வதா? இதற்குச் சாட்சியம் கிடையாது; விசாரணை கிடையாது; அப்பீலும் கிடையாது. இன்றைக்குச் செடி பட்டுப் போயிற்று. நாளைக்குப் பால் திரிந்து போகும். நாளன்றைக்குப் பிள்ளைக்கு உத்தியோக உயர்வு தவறிப்போகும். எல்லாம் அந்தக் கையின் கணக்கில் ஏறும்.

நான் அந்தத் தொட்டியைத் தூக்கினேன். கல்லுக்குண்டு மாதிரி கனத்தது. லேசாகச் சாய்த்தேன். அரைச் சொம்புத் தண்ணீர் கறுப்பாக வழிந்து படிக்கட்டில் ஓடியது. சாக்கடை நாற்றம் மூக்கைத் துளைத்தது. செடியைப் பிடித்து இழுத்தேன்; எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர்கள் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தன. ஒரு வேரை விரலால் உருவினேன். மேல்தோல் கழன்று வந்தது. உள்ளே நூல்போல ஒன்றுதான் மிச்சம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பொத்தல் இல்லை.

“இதற்குத் தினம் யார் தண்ணீர் விடுகிறது?” என்று கேட்டேன்.

“காலையில் பூஜை முடிந்ததும் நான் ஒரு சொம்பு விடுவேன்” என்றாள் அம்மாள், பெருமையாக.

“மத்தியானம் இலை வாடியிருக்கும். நானும் கொஞ்சம் ஊற்றுவேன்” என்றாள் மருமகள், மெதுவாக.

பல் தேய்த்துக்கொண்டே வந்த பிள்ளையாண்டான், ஆபீஸிலிருந்து கொண்டுவரும் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தானும் அதில்தான் கொட்டுவதாக வாக்குமூலம் கொடுத்தான்.

பொத்தலில்லாத பாத்திரத்தில் ஒரு பிராணியை நிற்கவைத்து, மூன்று பேர் மூன்று வேளையும் அபிஷேகம் செய்திருக்கிறார்கள். மார்கழி வரை இரண்டு பேர் ஊற்றினார்கள். தையிலிருந்து மூன்று பேர். கொலை முன்பே ஆரம்பமாகிவிட்டது. மருமகள் வந்தபிறகு அது வெளியே தெரிந்தது. பழி மட்டும் ஒரே கைக்கு!

இங்கே, புதிதாகச் செடி வளர்க்க ஆசைப்படும் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லவேண்டும். தொட்டிச் செடிகள் தாகத்தால் சாவதைவிடத் தண்ணீரால் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேர் தண்ணீர் குடிக்கும் என்பது நமக்குத் தெரியும். வேர் மூச்சும் விடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு நடுவே சந்துபொந்துகள் உண்டு. அவற்றில் காற்று நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் அந்தக் காற்று வெளியேறுகிறது. தண்ணீர் வடிந்தால் காற்று திரும்பி வருகிறது. வடியவே வழியில்லையென்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. பித்தியம், பைட்டாப்தோரா என்று சாஸ்திரக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் அழுகல் கிருமிகளுக்கு அதுதான் கல்யாண விருந்து. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. அதைப் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? “ஐயோ, வாடிவிட்டதே!” என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். ஆற்றோடு போகிறவன் கையை ஆட்டினால், தாகம் போலிருக்கிறது என்று மோர் கொண்டுவந்து கொடுப்பதைப் போல.

இதற்கு மருந்து உங்கள் ஆள்காட்டி விரல். அதை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால், சும்மா இருங்கள். உலர்ந்திருந்தால், அடிப் பொத்தல் வழியாகத் தண்ணீர் வெளியே வருகிற வரையில் நன்றாக ஊற்றுங்கள். அரைமணி கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இவ்வளவுதான். ‘வாரத்துக்கு இரண்டு தடவை’, ‘தினம் ஒரு டம்ளர்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் நர்ஸரிக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த வாரம் ஐயா? கத்திரி வெயில் காயும் வாரமா, கார்த்திகை மழை கொட்டும் வாரமா? செடிக்குச் செவ்வாய்க்கிழமை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஈரமும் வறட்சியும்தான்.

பீங்கான் தொட்டி மேல் ஆசை இருந்தால் இருக்கட்டும். பொத்தலுள்ள சாதாரணத் தொட்டியில் செடியை வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துத் தண்ணீர் விட்டு, வடிந்த பிறகு உள்ளே வையுங்கள். தொட்டியின் அடியில் நாலு விரல்கடை ஜல்லி போட்டால் பொத்தல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று உங்களுக்கு யாராவது உபதேசம் செய்வார்கள். நம்பாதீர்கள். நானும் நம்பிப் பல வருஷங்கள் ஜல்லி சுமந்தவன்தான். பொடி மண்ணிலிருந்து தண்ணீர் சுலபத்தில் ஜல்லிக்குள் இறங்காது. மண் முழுவதும் ஊறித் ததும்பிய பிறகுதான் இறங்கும். ஆகவே சேறு தொட்டியின் அடியில் நிற்பதற்குப் பதிலாக நாலு விரல்கடை மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. மண் ஒழுகாமல் இருக்கப் பொத்தலின்மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். செம்மண், மணல், நன்றாக மக்கிய எரு மூன்றையும் கலந்து பொலபொலவென்று இருந்தால், அதற்குமேல் எந்த ரகசியமும் இல்லை.

அடுத்த குற்றம் வெளிச்சம். எதிர் வீட்டுக் குரோட்டன்ஸ் தண்ணீரில் மூழ்காமல் தப்பியிருந்தாலும் பட்டினியால் செத்திருக்கும். செடிக்கு எரு சாப்பாடு என்று நினைக்கிறோம். 1648-இல் அச்சான ஒரு புத்தகத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவருடைய பரிசோதனை விவரிக்கப்பட்டிருக்கிறது. 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் விட்டு வந்தார். மரம் 169 பவுண்டுக்குமேல் கனத்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ இரண்டே அவுன்ஸ்! தண்ணீர்தான் மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து, வெளிச்சத்தை அடுப்பாக வைத்து, இலை சமைக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. எரு அந்தச் சமையலில் உப்பு, புளி மாதிரி. அடுப்பில்லாத வீட்டுக்கு மூட்டை மூட்டையாகப் புளி வாங்கி அனுப்பி என்ன பிரயோஜனம்?

“எங்கள் ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே!” என்பீர்கள். நம் கண் ஒரு பெரிய புளுகன். இருட்டிலும் வெயிலிலும் தன்னைச் சரிசெய்துகொண்டு, எல்லாம் ஒன்றுதான் என்று நம்மிடம் சொல்லிவிடும். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது. ஜன்னலை விட்டுப் பத்தடி உள்ளே வந்தால் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரம் ரூபாய்க்காரனைச் சில ரூபாயில் குடித்தனம் நடத்தச் சொல்லுகிற கதைதான். குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் வெயில் கொடுத்த சம்பளம். இருட்டில் அது வெறும் பச்சையாகி, பிறகு இலையை உதிர்க்கும். ஜன்னலோரம், பால்கனி, மொட்டை மாடி, இவற்றில் அதைக் குடியேற்றுங்கள். ஒரே நாளில் நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளினால் இலை கருகிப் போகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

இவ்வளவும் பிரம்ம வித்தை அல்ல. பத்து வயதுப் பையன் கற்றுக்கொள்ளலாம். பின் ஏன் நாம் கற்றுக்கொள்வதில்லை? கைராசி என்ற சௌகரியமான சித்தாந்தம் இருப்பதால்தான். “எனக்குக் கைராசி இல்லை” என்று சொல்லிவிட்டால் விரலை மண்ணில் விட வேண்டாம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டாம். “எனக்குக் கைராசி உண்டு” என்று சொல்லிவிட்டாலோ, செத்த செடியையெல்லாம் இன்னொருத்தர் தலையில் கட்டிவிடலாம். சோம்பேறிக்கு அது போர்வை, கர்வக்காரருக்குக் கிரீடம், வீட்டில் வாயில்லாதவர்களுக்கு அது விலங்கு.

இந்தச் சித்தாந்தத்துக்குக் குட்டிகளும் உண்டு. மணிபிளாண்டைத் திருடி நட்டால்தான் பிழைக்கும் என்கிறார்கள். கணுவோடு கிள்ளிய துண்டு, கேட்டு வாங்கினாலும் வேர்விடும். கணு இல்லாத துண்டு, அரண்மனையிலிருந்து திருடினாலும் அழுகும். ‘ஸ்நேக் பிளாண்ட்’ என்று விற்கிறார்களே, நம் ஊர் மருள் இனத்துச் செடி, அதைப் படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுவதும் பிராணவாயு கொட்டுமாம். ராத்திரியில் அது கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்வது உண்மை. ஆனால் பிராணவாயு பிறக்க வெளிச்சம் வேண்டும். ராத்திரியில் ஏது வெளிச்சம்? செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று 1989-இல் அமெரிக்காவின் நாஸா வெளியிட்ட ஆராய்ச்சியைச் சுட்டிக்காட்டி வியாபாரம் செய்கிறார்கள். அது இறுக மூடிய சிறு கூண்டுக்குள் செய்து பார்த்த ஆராய்ச்சி. அதையும் அதுபோன்ற மற்றவற்றையும் 2019-இல் இரண்டு நிபுணர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள். ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்குமாம்! ஜன்னலைத் திறப்பது சுலபம். கையில் ராசி, செடியில் ராசி என்று எங்கேயோ ராசியைத் தேடுகிறோமே தவிர, செடியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டோம்.

“அப்படியானால் சில பேர் தொட்டது துளிர்க்கிறதே, அது எப்படி?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படி ஒரு கையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் அத்தையின் கை.

காவிரிக் கரையில் எங்கள் கிராமத்து வீடு. கொல்லையில் துளசி மாடம், மல்லிகைச் செடிகள், செம்பருத்தி, கறிவேப்பிலை. ஊரில் யார் வந்தாலும், “உங்கள் கைராசியே ராசி!” என்று என் பாட்டியைப் புகழ்வார்கள். பாட்டியும் புன்னகையோடு ஏற்றுக்கொள்வாள். அத்தை பாட்டி பெற்ற பெண். பத்தொன்பது வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவள் மல்லிகையையும் துளசியையும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். “அவள் கை ஆகாது” என்று சொன்னவள் பெற்ற தாய்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விடியற்காலையில் ஒரு நாள் தூக்கம் கலைந்து கொல்லைப்பக்கம் போனேன். அரை இருட்டில் அத்தை செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். துளசியில் கதிர் விட்டிருந்ததைக் கிள்ளினாள்; விதை முற்றவிட்டால் செடி விறகாகிவிடும் என்று பிறகு எனக்குச் சொன்னாள். செம்பருத்தி இலையைத் திருப்பி, அடியிலிருந்த மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்தாள். “எறும்பு ஏறுகிறதா பார், எறும்பு போகிற இடத்தில் இந்தப் பூச்சி இருக்கும். அதன் தித்திப்புக்காக எறும்பு இதற்குக் காவல் காக்கும்” என்றாள். “பாட்டியிடம் சொல்லாதேடா” என்றும் சொன்னாள். கார்த்திகை மாதத்தில், நவம்பர் கடைசி வாரத்தில், மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவாள். ‘எலி கடித்துவிட்டது’, ‘மாடு மேய்ந்துவிட்டது’ என்று வருஷம் ஒரு பொய். பங்குனியில் புதுக்கிளை பூராவும் மொட்டாக இருக்கும். பாட்டியின் கைராசி ஊரெல்லாம் மணக்கும்.

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று பெருமைப்படுகிறோமே, அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தேர் அல்ல. போகிற போக்கில் நின்று, அந்தக் கொடிக்கு என்ன இல்லை என்று பார்த்தானே, அதுதான். கொழுகொம்பு இல்லை என்று கண்டான், கொடுத்தான். என் அத்தையும் பார்த்தாள். கைராசி என்று ஏதாவது இருந்தால் அது கண்ணில் இருக்கிறது. தினம் கால்மணி நேரம் செலவழிக்கும் பொறுமையில் இருக்கிறது.

ஒரு வருஷம் சித்தியின் பிரசவத்துக்கு உதவியாக அத்தையை ஐப்பசியில் திருச்சிக்கு அனுப்பினார்கள். சித்திரையில் திரும்பி வந்தாள். அதற்குள் மல்லிகை குச்சி குச்சியாக நீண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தது. செம்பருத்தி வெள்ளை பூசினாற்போல் பூச்சி பிடித்துக் கிடந்தது. துளசி விறகாகி நின்றது. பாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? “போகும்போது கண் போட்டுவிட்டுப் போனாள், பாவி!” என்றாள். அத்தை பதில் பேசவில்லை. துணியைத் தோய்த்துப் பிழிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

உண்மை தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அடி விழும் என்று பயம். அத்தை காலமாகி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. எத்தனையோ பாத்திரங்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறேன். பேசவேண்டிய நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசாமல் போனேன். எதிர் வீட்டு வாசலில் நான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்ததற்குக் காரணம் குரோட்டன்ஸ் அல்ல என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அந்தக் குரோட்டன்ஸ் பிழைக்கவில்லை. நானே போய் ஒரு மண் தொட்டியும் துளசிக் கன்றும் வாங்கி வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். “ஊற்றுவதற்கு முன்னால் விரலை விட்டுப் பார், அம்மா. வீட்டில் ஒருத்தர் மட்டும் ஊற்றுங்கள்” என்றேன். பால்கனியில் காலை வெயில் படும் இடத்தில் வைத்தாள். வைகாசிக்குள் செடி குடைபோல் அடர்ந்துவிட்டது.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் என்னைப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். முகமெல்லாம் சந்தோஷம். “பார்த்தீர்களா சார், துளசியை! உள்ளதைச் சொல்லவேண்டும், என் மருமகளுக்கு என்ன கைராசி, என்ன கைராசி!” என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். இந்த வார்த்தை கல்லிலும் முளைக்கும் போலிருக்கிறது. எந்தப் பூச்சியும் இதை அரிக்காது. வாசகர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்! இதையும் பொத்தலில்லாத ஒரு பீங்கான் தொட்டியில் நட்டு, தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றிப் பாருங்களேன்.